காட்டுள்ளிப் பாத்தி

பிள்ளைகளே, உங்கள் இரண்டு பேருக்கும் அந்தச் சம்பலின் ருசி இன்னும் நினைவிருக்கும். மகள் பாண் துண்டுக்குள் வைத்துச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பவும் கேட்டாள். மகன் அடுத்த நாள் பள்ளிக்கூடத்தில் தன் கையைச் சிநேகிதர்களின் மூக்குக்குக் கிட்டப் பிடித்து, மணந்து பாருங்கள் என்று சொல்லி வாத்தியாரிடம் பேச்சு வாங்கினான். அந்தச் சம்பலைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். எனக்கு எழுதிப் பழக்கமில்லை. படிப்பும் பத்தாம் வகுப்போடு நின்றுபோனது. ஆனால் வாயால் சொன்னால் இடையில் ஒரு பகிடி விட்டுச் சமாளித்துவிடுவேன். எழுதும்போது அப்படிச் செய்ய முடியாது. அதனால் எழுதுகிறேன்.

ஒவ்வொரு மே மாதமும் எங்கள் மாதா கோயில் ஆட்கள் ஒரு பஸ் பிடித்துச் சுற்றுலா போவது உங்களுக்குத் தெரியும். ஆற்றைக் கடந்து, புரோசார்ட் கடைகளையும் தாண்டி, தெற்கே போனால் ஒரு மேப்பிள் தோட்டம் வரும். அதன் சொந்தக்காரர் நரைத்த மீசையோடு ஒரு கியூபெக்காரர். மேப்பிள் மரத்துச் சாற்றைப் பாணியாகக் காய்ச்சும் காலம் முடிந்ததும் அவருடைய பெரிய சாப்பாட்டு மண்டபம் சும்மா கிடக்கும். அதை ஒரு நாளுக்கு எங்களுக்குத் தருவார். அவரோடு தொலைபேசியில் கதைத்து ஒழுங்கு செய்வது நான்தான். என் பிரெஞ்சு நல்லது என்பதால் அல்ல. பிழை பிழையாகக் கதைக்க வெட்கப்படாதவன் எங்கள் கோயிலில் நான் ஒருவன்தான்.

அன்றைக்குப் பூசை முடிந்து, சோறும் கறியும் முடிந்து, ஆட்கள் மர நிழல் தேடினார்கள். நிழல் இருக்கவில்லை. மேப்பிள் மரங்களில் அப்போதுதான் துளிர் வந்திருந்தது. நானும் பஸ் ஓட்டி வந்த அண்ணையும் கால் நீட்ட நடந்தோம். அந்த அண்ணையை உங்களுக்குத் தெரியும், எதைச் சொன்னாலும் நக்கலாகத்தான் சொல்வார். மண்டபத்துக்குப் பின்னால் ஒரு பாதை காட்டுக்குள் போனது. கொஞ்சத் தூரம் போனதும் நான் நின்றுவிட்டேன்.

ஒரு மேட்டின் அடியிலிருந்து ஓடை வரைக்கும் நிலம் முழுவதும் பச்சை. மற்ற இடமெல்லாம் போன வருடத்துச் சருகு, மண்ணிறம். இங்கே மட்டும் அகலமான இலைகள், மஞ்சள் செடியின் குருத்துப் போல, அடர்த்தியாக, வெயில் பட்டு மினுங்கிக்கொண்டு நின்றன. நான் குனிந்து ஓர் இலையைக் கசக்கி மணந்தேன். வெள்ளைப்பூண்டு வாசம் அடித்தது.

"என்னடாப்பா, மாடு மாதிரி மணந்து பாக்கிறாய்?"

"அண்ணை, இது உள்ளி."

"உள்ளியோ? காட்டுக்கை ஆர் வந்து உள்ளி நட்டது?"

"கடவுள் நட்டவர்," என்றேன்.

அவர் பகிடியாகத்தான் கேட்டார். ஆனால் அன்றைக்கு அந்தக் காட்டில் கேட்கப்பட்ட ஒரே நல்ல கேள்வி அதுதான். பதில் என் கண்ணுக்கு முன்னால் கிடந்தது. செடிகள் கொத்துக் கொத்தாக நின்றன. கொத்துக்கும் கொத்துக்கும் இடையில் ஏறக்குறைய ஒரே அளவு இடைவெளி. விழுந்த கொப்புகளை யாரோ இழுத்து ஓரமாக அடுக்கியிருந்தார்கள். செடியை மிதிக்காமல் நடக்கிறதற்கு, ஒரு பாதம் வைக்கிற அகலத்தில், வரம்பு போல வழி இருந்தது. நான் யாழ்ப்பாணத்தில் வெங்காயத் தோட்டக்காரனின் மகன். இவை எல்லாம் என் கண்ணில் பட்டன. பட்டதை நான் மனதுக்குள் எடுக்கவில்லை. காடு என்றால் ஆளில்லாத இடம் என்று முதலே முடிவு செய்துவிட்டேன்.

திரும்பிப் போய் மண்டபத்தில் சொன்னேன். ஆட்கள் பைகளோடு வந்தார்கள். ஒவ்வொருவரும் ஒரு கைப்பிடி பறித்துக்கொண்டு போயிருந்தால் கூடப் பரவாயில்லை. நான் விடவில்லை. எங்கள் பக்கத்தில் வெங்காயம் பிடுங்கினால், தொடங்கிய பாத்தியை முடித்துவிட்டுத்தான் எழும்புவோம். பாதியில் விட்டால் மிச்சம் அழுகும், அடுத்த நடுகைக்கு நிலம் ஆயத்தமாகாது. இங்கேயும் அப்படித்தான் என்று நினைத்தேன். கழுத்தில் பிடி, ஒரு திருகு, ஒரே இழுவை, முழங்காலில் தட்டி மண்ணை உதறு, இலைத் தாள் எல்லாம் ஒரு பக்கம் பார்க்க அடுக்கு. ஒவ்வொருவருக்கும் காட்டிக் கொடுத்தேன். மன்னாரிலிருந்து வந்த ஒரு அன்ரி, வெங்காயத் தோட்டத்தையே காணாதவ, கொஞ்ச நேரத்தில் என்னைவிட வேகமாகப் பிடுங்கினா.

"தம்பி, உதெல்லாம் சும்மாவோ?"

"சும்மாதான் அன்ரி. பிடுங்குங்கோ."

"கடையிலை உள்ளி விக்கிற விலைக்கு, நான் ஓடைக்குள்ளையும் இறங்குவன்!"

பாட்டும் சிரிப்புமாக இருந்தது. இந்த நாட்டுக்கு வந்த பிறகு, இத்தனை எங்கள் ஆட்கள் வெயிலில் ஒன்றாகக் குனிந்து வேலை செய்ததை நான் கண்டதில்லை. அது எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்பதையும் எழுதத்தான் வேண்டும். நீங்கள் இரண்டு பேரும் பந்தடித்துக்கொண்டிருந்தீர்கள். உங்களில் பிழையில்லை. ஓடைக்கரை வரைக்கும் முடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தேன். கறுத்த மண் மட்டும் கிடந்தது. நான் அதைக் காலால் தடவிச் சமப்படுத்திவிட்டு, நல்ல வேலை என்று நினைத்துக்கொண்டு வந்தேன்.

பஸ் முழுவதும் உள்ளி மணம். அண்ணை யன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு ஓட்டினார். "நாளைக்கு இதிலை வெள்ளைக்காரர் ஏறினா, என்னை வேலையிலயிருந்து கலைப்பாங்கள்," என்றார். பங்குச் சாமியாருக்கும் ஒரு பை கொடுத்தோம்.

வீட்டில் உங்கள் அம்மா சம்பல் செய்தா, தாளை வதக்கி வறை செய்தா, பால் சொதிக்குள்ளும் போட்டா. கிழங்குகளில் பெரிதாக இருந்தவற்றை நான் விதைக்கென்று ஒதுக்கினேன். விதை வெங்காயம் வைப்பது போலப் பிடி பிடியாகத் தாளோடு சேர்த்துக் கட்டி, அடுப்புக்கு மேலே காய்வதற்குத் தொங்கவிட்டேன். நன்றாகக் காய்ந்ததும் கொண்டுபோய் அதே இடத்தில் நட்டுவிட்டால், அடுத்த வருடம் இதைவிட அதிகமாக வரும். அப்படித்தான் நினைத்தேன். ஊரில் வெங்காயம் இரண்டு மூன்று மாதத்தில் விளைந்துவிடும். எல்லா நிலமும் அப்படி என்று எனக்கு ஒரு எண்ணம்.

சில நாட்களில் தோட்டக்காரர் தொலைபேசி எடுத்தார். நான் வேலை முடிந்து வந்து சப்பாத்துக் கழற்றிக்கொண்டிருந்தேன். பிரெஞ்சில் அவர் சொன்னதை எனக்கு விளங்கியபடி எழுதுகிறேன்.

"உங்களைக் கரைச்சல்படுத்துவதற்கு மன்னிக்கவேண்டும், மிசியூ. நீங்கள் வந்த அன்று காட்டுப் பக்கம் யாரையாவது கண்டீர்களா? ஒரு பெண், பைகளோடு?"

"ஏன், மிசியூ?"

"என் காட்டிலிருந்த காட்டுள்ளி முழுவதையும் பிடுங்கிவிட்டார்கள். வேரோடு. அது யார் என்று எனக்குத் தெரியும். ஆற்றங்கரையில் இருக்கும் மோஹாக் பூர்வகுடிகளின் ஊரிலிருந்து ஒரு பெண் வருவாள். அவளுடைய ஆட்களுக்கு என் அப்பா காலத்திலிருந்து வழி விட்டிருக்கிறோம். இப்போது பிடுங்கி விற்றிருக்கிறாள். விற்பது சட்டத்துக்கு விரோதம். தான் இல்லை என்கிறாள். வேறு யார்? இனி அவளுக்கு வழியில்லை. சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டேன்."

அவர் தொடர்ந்து சொன்னதுதான் எனக்கு இன்றைக்கும் காதில் கேட்கிறது.

"உங்கள் ஆட்களைப் பற்றி எனக்குச் சந்தேகமே இல்லை. மேசைகளைக்கூடத் துடைத்துவிட்டுப் போனீர்கள். ஒருவரையும் காணவில்லையா?"

"இல்லை, மிசியூ," என்றேன். "ஒருவரையும் காணவில்லை."

அது பொய்யில்லை. அன்றைக்கு அந்தக் காட்டில் எங்களைத் தவிர ஒருவரும் இல்லை. அந்த உண்மையை வைத்துக்கொண்டு நான் சப்பாத்தின் ஒரு காலைக் கழற்றியபடி, மற்றக் காலைக் கழற்றாதபடி இருந்தேன். அடுப்புக்கு மேலே உள்ளிப் பிடிகள் தொங்கிக்கொண்டிருந்தன.

அம்மா குசினியிலிருந்து கேட்டா. "ஆரப்பா போனிலை?"

சொன்னேன்.

"அப்ப நாங்கள்தான் எண்டு சொல்லியிருக்கலாமே."

"சொன்னா என்ன நடக்கும் தெரியுமே? தமிழ் ஆக்கள் களவெடுத்தவை எண்டு கதை வரும். கோயில் பேர் கெடும். பொலிஸுக்கு அறிவிச்சானெண்டா?"

"இப்ப அந்த மனிசிக்கு என்ன நடக்குது எண்டு யோசிச்சனீங்களே?"

"அவ ஆரெண்டே எனக்குத் தெரியாது."

"தெரியாத ஆளெண்டா பரவாயில்லையோ?"

அதற்குப் பிறகு அம்மா ஒவ்வொரு நாளும் அந்தப் பிடிகளுக்குக் கீழே நின்றுதான் சமைத்தா. எனக்குத் தண்டனையாக அதுவே போதுமாக இருந்தது.

சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். முழங்காலில் இருந்து, பிறர் பொருளை எடுத்தேன், அதை மறைத்தேன், வேறொருவர் மேல் பழி விழ விட்டேன் என்று சொன்னேன். சாமியார் கேட்டார், "என்ன பொருள்?"

"காட்டுள்ளி, சாமி."

திரைக்கு அந்தப் பக்கம் கதிரை நகரும் சத்தம் கேட்டது.

"நீர் எனக்குத் தந்துவிட்ட பையிலை இருந்ததோ?"

"ஓம் சாமி."

"நான் இரண்டு நாளாப் புட்டோடை சாப்பிட்டனான்," என்றார். பிறகு இருமினார். "மூண்டு அருள்நிறை மந்திரம் சொல்லும். நானும் சொல்லுறன். ஆனா மந்திரத்தாலை அந்தச் சங்கிலி கழலாது. அதை நீர்தான் பாக்கவேணும்."

நான் சிரித்துவிட்டேன். பிறகு வெளியே வந்து கோயில் படியில் இருந்தபோது சிரிப்புப் போய்விட்டது. மந்திரத்தைச் சொல்லி முடித்தும் சங்கிலி அப்படியேதான் இருந்தது.

அப்போதும் நான் உண்மையைச் சொல்லத் துணியவில்லை. அதற்குப் பதிலாகக் குறுக்கு வழி ஒன்று யோசித்தேன். விதைக் கிழங்குகளைக் கொண்டுபோய், யாருக்கும் தெரியாமல் நட்டுவிடலாம். பச்சை திரும்ப வந்தால் தோட்டக்காரரின் கோபம் ஆறும், பூட்டைத் திறந்துவிடுவார், என் வாயைத் திறக்கவே தேவையில்லை. அடுத்த சனிக்கிழமை பிடிகளைக் கழற்றினேன். தாள் வைக்கோல் மாதிரிக் காய்ந்திருந்தது. தாளை வெட்டி, வேரையும் ஒட்ட நறுக்கி, ஊரில் நடுகைக்கு முன்பு செய்வது போலத் துப்புரவாக்கி ஒரு துணிப்பைக்குள் போட்டேன். காரில் தனியாகப் போனேன். உங்களிடம் கடைக்குப் போவதாகச் சொன்னேன்.

மண்டபத்துப் பக்கமாகப் போகாமல், காட்டுக்குப் பின்னால் வருகிற மண் பாதையால் போனேன். பாதையின் குறுக்கே சங்கிலி. அதற்கு முன்னால் ஒரு பழைய கார் நின்றது. பின் கதவைத் திறந்துவைத்து, அதில் ஒரு பெண் இருந்து ரப்பர் சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்தா. என்னைவிடக் கொஞ்சம் வயது குறைவாக இருக்கும். பின் சீட்டில் குழந்தை இருக்கை ஒன்றும், மேலே நொறுங்கிய பிஸ்கட்டும் கிடந்தன. ஆங்கிலத்தில் கதைத்தா. எங்கள் தமிழிலேயே எழுதுகிறேன், அப்போதுதான் அந்தக் குரல் எனக்கு வருகிறது.

"நீ அந்தாளின்ர வேலையாளோ?"

"இல்லை."

"அப்ப பூட்டின பாதையிலை ஏன் வந்தனி?"

"நீங்கள் ஏன் வந்தனீங்கள்?" என்று கேட்டுவிட்டேன்.

"பாக்க வந்தனான். உள்ளுக்குப் போகேலாதெண்டாலும் இஞ்சை நிண்டு எட்டிப் பாக்கலாம்தானே. அதுக்கும் சங்கிலி போட்டிருக்கே?" சப்பாத்தை ஓங்கி நிலத்தில் மிதித்தா. "நான் எல்லாத்தையும் பிடுங்கி வித்துப்போட்டனாம். வித்தவள் இந்தக் காரிலையோ திரிவாள்?"

நான் பையை முதுகுப் பக்கம் கொண்டுபோனேன். உள்ளியை எங்கே ஒளித்தாலும் அதன் மணத்தை ஒளிக்க முடியாது. அவவின் முகம் மாறுவதைக் கண்டேன்.

"உன்ர பையுக்கை என்ன?"

திறந்து காட்டினேன். அவ ஒரு கிழங்கை எடுத்து விரலால் அமத்திப் பார்த்தா. வெளித்தோல் நொறுங்கியது. உள்ளே சுருங்கிப் போய், பஞ்சு மாதிரி இருந்தது. வேர் இருந்த இடத்தை நகத்தால் தடவினா.

"இதை ஏன் காயப்போட்டனி?"

"விதைக்கு. எங்கட ஊரிலை வெங்காயத்தைக் கட்டித் தூக்கிக் காயவிட்டுத்தான் நடுறது."

"இது வெங்காயமில்லை. உங்கட ஊருமில்லை." கிழங்கைத் திருப்பிப் பைக்குள் போட்டா. "இதெல்லாம் செத்துப்போச்சு. நீயோ பிடுங்கினது?"

"நானும் எங்கட கோயில் ஆக்களும். நான்தான் காட்டிக் குடுத்தனான்."

"எவ்வளவு?"

"ஓடை வரைக்கும்."

அவ காரின் பின் ஓரத்தில் திரும்ப இருந்தா. கத்துவா என்று நினைத்தேன். கத்தவில்லை. தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டு, எனக்குச் சொல்வது போலவும் இல்லாமல், கதைத்தா.

ஒரு செடியில் ஓர் இலைதான் எடுப்பார்களாம். மற்ற இலையை விட்டால்தான் கிழங்கு சாப்பிட்டு வளரும். கிழங்கைத் தொடுவதென்றால், கொத்து நெருங்கிப்போன இடத்தில் மட்டும். அதையும் தடியால் மெல்லக் கிளப்பி, பிரித்து, ஒரு பங்கை வெறும் இடத்தில் ஊன்றுவார்கள். இலையுதிர் காலத்தில் கறுத்த விதை விழும்போது வந்து, அதைச் சருகுக்குக் கீழே தள்ளிவிட்டுப் போவார்கள். விதையிலிருந்து சாப்பிடுகிற அளவுக்கு வர, ஒரு குழந்தை பிறந்து பள்ளிக்கூடம் போகிற அளவு காலம் பிடிக்கும். கொப்பு விழுந்தால் இழுத்து ஓரமாகப் போட வேண்டும். அவவும் அவவின் மாமியும் செய்தார்கள். அவர்களுக்கு முன்னால் வேறு ஆட்கள் செய்தார்கள். மேட்டடியில் ஒரு சால் அளவில் இருந்தது ஓடை வரைக்கும் இறங்கியது அப்படித்தான்.

"அந்தாளுக்கு அது தானா முளைச்ச காடு. தன்ர அப்பாவின்ர நல்ல மனசாலை நாங்கள் வந்து பிடுங்கித் தின்னுறமாம்."

"நான் கண்டனான்," என்றேன். "வரம்பு மாதிரி வழி இருந்தது. கொப்பு அடுக்கியிருந்தது. ஆரோ பாக்கிற பாத்தி எண்டு என்ர கண்ணுக்குத் தெரிஞ்சது. தெரிஞ்சும் பிடுங்கினனான்."

அவ முதல் தடவையாக என்னை நிமிர்ந்து பார்த்தா. பிறகு மேட்டுக்கு மேலே கையைக் காட்டினா. அங்கே முள்ளும் பற்றையும், ஆள் நுழைய முடியாத நெருக்கம்.

"அது ஒருக்கால் திறந்த வெளி. ஒவ்வொரு வசந்தத்துக்கும் பழைய புல்லுக்குச் சின்னதா நெருப்பு வைப்பினம், என்ர ஆக்கள். அப்ப பழப் பத்தை நல்லா வரும், கொட்டை மரத்துக்குக் கீழை வெளிச்சம் விழும், மான் வரும். அந்தாளின்ர முந்தின ஆக்கள் வந்து, நெருப்பு ஆபத்து, காட்டைச் சும்மா விடுங்கோ எண்டவை. சும்மா விட்டதுதான் அது. பார். நாங்கள் கை வைக்கக்கூடியதா மிஞ்சினது கீழை உள்ள துண்டு மட்டும்தான்."

பிள்ளைகளே, இந்த இடத்தில் எனக்கு எங்கள் வளவு நினைவு வந்தது. இராணுவம் எங்களை எழுப்பிவிட்டு வருடக்கணக்காக வேலி போட்டு வைத்திருந்த நிலம். திரும்பப் பார்க்க விட்டபோது, எங்கே கிணறு, எங்கே பாத்தி என்று கண்டுபிடிக்க முடியாமல் பற்றையை வெட்டி வெட்டிப் போனோம். நிலத்தைச் சும்மா விட்டால் நல்லாயிருக்கும் என்று யார் சொன்னாலும் நான் நம்பமாட்டேன். ஆட்கள் இல்லாத நிலம் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். தெரிந்த ஒருவன்தான், இன்னொருவருடைய ஆட்கள் பார்த்துவந்த நிலத்தைக் காடு என்று சொல்லிக்கொண்டு குனிந்தேன். அது அவவுக்குச் சொல்லவேண்டிய கதையில்லை என்று நினைத்தேன். சொன்னால், என்னையும் பாவம் பாருங்கோ என்று கேட்பது போல இருக்கும்.

"நான் போய் அவரிட்டைச் சொல்லுறன்," என்றேன்.

"சொல்லு. நான் இஞ்சை நிக்கிறன். அந்தாளின்ர படியிலை நான் இனி ஏறமாட்டன்."

நான் சங்கிலியைக் கடந்து போகவில்லை. ரோட்டால் சுற்றி நடந்து போனேன். தோட்டக்காரர் கொட்டிலுக்கு முன்னால் பாணி எடுக்கும் நீலக் குழாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் சிரித்து, "போன்ஜூர், மிசியூ!" என்றார். அந்தச் சிரிப்புக்கு முன்னால் கதைப்பதுதான் கஷ்டம்.

"நாங்கள்தான்," என்றேன்.

"என்ன நாங்கள்?"

"காட்டுள்ளி. நாங்கள் பிடுங்கியது. கோயில் ஆட்கள். நான் காட்டினேன்." பையைத் திறந்து நீட்டினேன்.

அவர் பைக்குள் பார்த்தார். குழாயைக் கீழே விடாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"நான் உங்களுக்குப் போன் எடுத்தேன்."

"ஓம்."

"ஒருவரையும் காணவில்லை என்றீர்கள்."

"காணவில்லைதான், மிசியூ. நாங்கள் மட்டும்தான் இருந்தோம்."

என் முகத்தில் அறைந்தாலும் வாங்கியிருப்பேன். அவர் அப்படி ஒன்றும் செய்யவில்லை. குழாயைக் கீழே வைத்துவிட்டுக் காட்டுப் பக்கம் திரும்பினார். "அவளை நான் கள்ளி என்றேன்," என்றார். "அவளுடைய பிள்ளைக்கு முன்னால்."

பிறகு உள்ளே போய்ச் சாவிக்கொத்தை எடுத்து வந்தார். இரண்டு பேரும் மண் பாதையால் நடந்தோம். நான் முன்னுக்குப் போவதா பின்னுக்குப் போவதா என்று தெரியாமல் ஒரு அடி பின்னுக்கு நடந்தேன். நடக்கும்போது ஒரே ஒரு தடவை திரும்பி, "இனி உங்கள் ஆட்கள் இங்கே வரவேண்டாம்," என்றார். சரி என்றேன்.

அவ காருக்குப் பக்கத்தில் கைகட்டி நின்றா. தோட்டக்காரர் பூட்டைத் திறந்தார். சங்கிலி நிலத்தில் விழுந்தது. அவர் மெதுவாக, "பார்தோன்," என்றார். மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாத மனிசன் என்று அந்தச் சொல் வந்த விதத்திலேயே தெரிந்தது. அவ கையை நீட்டினா. கை குடுக்கத்தான் என்று நினைத்து அவரும் நீட்டினார்.

"சாவி," என்றா அவ.

"பூட்டைக் கழற்றிவிடுகிறேன். இனிப் பூட்டமாட்டேன்."

"இப்பிடித்தான் உன்ர அப்பாவும் சொன்னவர். நீ திறந்தா நான் வரலாம், நீ பூட்டினா வரேலாது. அப்பிடி இனிச் சரிவராது. பூட்டு இருக்கட்டும். சாவி என்னட்டையும் இருக்கட்டும்."

அவர் கொத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அது என்னைக் கேட்டுச் செய்கிற காரியமில்லை. இரண்டு சாவி ஒரே மாதிரி இருந்தன. ஒன்றை வளையத்திலிருந்து கழற்ற அவருக்கு நேரம் எடுத்தது, நகம் தேய்ந்த தடித்த விரல்கள். கழற்றிக் கொடுத்தார். அவ வாங்கிப் பூட்டில் போட்டு, ஒரு தடவை பூட்டி, ஒரு தடவை திறந்து பார்த்தா. பிறகு சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு உள்ளே நடந்தா.

நானும் ஒரு கால் எடுத்து வைத்தேன். வெறும் நிலத்துக்குச் சருகு போடவேண்டும், ஏதாவது தூக்கவேண்டும், நான் செய்யலாம் என்று நினைத்தேன்.

"நீ வராதை," என்றா, திரும்பிப் பாராமல்.

நின்றேன். மரங்களுக்கு நடுவே அவவின் தொப்பி தெரியும்வரை பார்த்தேன். வெறும் மண் தொடங்குகிற இடத்தில் அவ நின்றதும் தெரிந்தது. அதைப் பார்க்க எனக்கு உரிமையில்லை என்று பட்டது. காருக்குத் திரும்பினேன்.

வீட்டுக்கு வந்து உங்களிடம் எல்லாவற்றையும் சொன்னேனா? இல்லை. அரைவாசி சொன்னேன். தோட்டக்காரர் கோபம், இனி அங்கே போகமாட்டோம் என்று மட்டும் சொன்னேன். மகள் பிரெஞ்சில் ஏதோ முணுமுணுத்துவிட்டுக் கதவைச் சாத்தினாள். கோயிலில் விஷயம் பரவியது. ஏன் போய்ச் சொன்னாய் என்று சிலர் இன்னும் என்னோடு கதைப்பதில்லை. அண்ணை மட்டும், "நீ ஒரு விசரன். ஆனா நீ போய்ச் சொன்ன பிறகுதான் எனக்கும் நித்திரை வந்தது," என்றார். இந்த வருடச் சுற்றுலாவை லவால் பக்கம் ஒரு பூங்காவில் வைத்தார்கள். புல்லும் இருப்பதற்கு வாங்குகளும் உள்ள இடம். பிடுங்குவதற்கு ஒன்றும் இல்லை. மன்னார் அன்ரி என்னைக் கண்டும் காணாதது போல இருந்தா.

இந்த வசந்தம் தோட்டக்காரருக்கு நானே தொலைபேசி எடுத்தேன். பச்சை வந்ததா என்று கேட்டேன். வரவில்லை என்றார். ஓடைக்கு மற்றப் பக்கம் நாங்கள் காணாமல் விட்ட ஓரத்திலிருந்து அவ சில கொத்துகளைப் பிரித்து நட்டிருக்கிறாவாம். மற்றது கறுத்த மண்தான், அதன்மேல் இப்போது வேறு ஏதோ களை வருகிறதாம். அவ வந்து அதைப் பிடுங்கிவிட்டுப் போகிறாவாம். மேட்டுப் பற்றையை வெட்டித் திறக்க வேண்டும், புல் வந்த பிறகு நெருப்பு வைக்க அனுமதி எடுக்க வேண்டும் என்றும் கேட்டிருக்கிறா. "யோசிக்கிறேன்," என்றார். முன்பென்றால் முடியாது என்றிருப்பார் என்று நினைக்கிறேன்.

நான் தொலைபேசியை வைத்ததும் மகன் பக்கத்தில் நின்றான். எவ்வளவு கேட்டான் என்று தெரியவில்லை.

"அப்பா, காட்டிலை உள்ளி நடுற அன்ரி உங்களோடை கோவமோ?"

"ஓம்."

"இன்னுமோ?"

"ஓம், இன்னும்."

"எப்ப கோவம் போகும்?"

அவவிடம் போய் அதைக் கேட்கிற எண்ணம் எனக்கில்லை. மண் திரும்பவும் பச்சையாக வருகிற நேரத்தில் நீ மீசை வைத்திருப்பாய் என்று சொன்னேன். அவன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. ஏனென்றால் அது பகிடியில்லை, கணக்கு அப்படித்தான் வருகிறது.